புதுப்பிப்பு: மயில்துத்தக் கரைசலில் விழுந்த நீலப் பொடி

மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றியதும் நீலப் பொடி படிந்ததாகப் போன மாதம் எழுதியிருந்தேன். அது புதிய சேர்மமா என்று பலர் கேட்டீர்கள். இல்லை, அதே தாமிர சல்பேட்தான். தண்ணீரில் தாராளமாகக் கரையும் இந்த உப்பு ஆல்கஹாலில் கரையாது. தண்ணீரை ஆல்கஹால் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, உப்புக்குக் கரைந்திருக்க வழியில்லை. பொடியை வடிகட்டித் தண்ணீரில் போட்டேன். பழைய நீலக் கரைசலே கிடைத்தது.

அடுத்த சோதனைதான் என்னை மயக்கிவிட்டது. கும்பகோணம் உரக்கடையில் வாங்கிய மயில்துத்தக் கட்டியைப் பொடித்து, சமையலுக்குப் பயன்படாத பீங்கான் கிண்ணத்தில், திறந்த முற்றத்தில் அடுப்பின் இளந்தீயில் வைத்தேன். முதலில் ஓரங்கள் வெளுத்தன, பிறகு நடுவும் சாம்பல் வெண்மையானது. இந்தப் படிகத்தின் எடையில் 36 சதவீதம் தண்ணீர். அது போனால் நிறமும் போகிறது. அடுப்பை அணைத்து, பொடி நன்றாக ஆறிய பிறகே ஆல்கஹால் புட்டியைத் திறந்தேன். 99 சதவீத ஆல்கஹாலில் பொடி வெண்மையாகவே கிடந்தது. தண்ணீர் கலந்த கை கழுவும் சானிடைசரில் உடனே நீலம் பூத்தது. எவ்வளவு அழகான நீர்ச்சோதனை! ஐப்பசி ஈரத்தில், மூடாமல் வைத்த பொடிகூட விடிவதற்குள் வெளிர்நீலமாகிவிட்டது.

கழிவை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். தாமிரம் மீன்களுக்கு நஞ்சு. சலவை சோடா சேர்த்தால் தாமிரம் பச்சை கலந்த நீல வண்டலாகப் படியும். நான் அதை உலர்த்தி, பெயர் எழுதிய புட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன்.