நான் வாங்கிய 5 கிலோ ‘இட்லி அரிசி’

அடுத்த மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்துக்கு வருகிறோம், அரிசி பருப்பெல்லாம் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டிருந்த தங்கைக்கு: வேண்டாம்மா. பெட்டியில் அந்த எடைக்கு வேறு ஏதாவது வையுங்கள். கறிவேப்பிலைக் கன்று, விதை மாதிரி ஆசைகளையும் விட்டுவிடுங்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் செடி, விதை எதுவும் உள்ளே வராது. கறிவேப்பிலைக்காகக் கவலைப்படவும் வேண்டாம், இங்கே வீட்டுக்கு வீடு வாசலில் நிற்கிறது.

நாங்கள் சுங்கை சிப்புட் வந்து நான்கு வருடம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு வேலை ஈப்போவில், தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். வாடகை குறைவு என்று இங்கே வீடு எடுத்தோம். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரத் (ரப்பர்) தோட்டங்கள், இப்போது கண்ணுக்கு எட்டியவரை செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. லயத்து வீடுகளை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை விட்டுத் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிக்கு வந்த தோட்டத்துக் குடும்பங்கள்தான் அக்கம்பக்கம் எல்லாம். கடைக்காரரிடம் தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பேரம் பேசலாம். ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள், சென்னைக் காசு என்பார்கள் (ஊர்ச் சென்னை இல்லை, அவர்களுடைய பைசா). பொன்னி, உளுந்து, துவரம்பருப்பு, அப்பளம் எல்லாம் உண்டு.

இவ்வளவும் இருக்கிறதே என்ற தைரியம்தான் முதல் மாதத்தில் என்னைக் கவிழ்த்தது.

தமிழ்க் கடை மூடியிருந்த ஒரு நாள் பேரங்காடிக்குப் போனேன். அங்கே பொட்டலங்களில் எழுதியிருப்பது மலாய். ‘பெராஸ்’ என்றால் அரிசி என்று அதற்குள் கற்றிருந்தேன். ‘பெராஸ் புலுட்’ என்று ஒரு பை. உள்ளே குண்டு குண்டாக, சுண்ணாம்பு வெள்ளையில், கண்ணாடிபோல் இல்லாமல், ஒளி ஊடுருவாத அரிசி. பார்த்தால் அச்சு அசல் இட்லி அரிசி. விலையும் பரவாயில்லை என்று 5 கிலோ பையைத் தூக்கி வந்தேன். நாலுக்கு ஒன்று உளுந்து போட்டு ஊறவைத்து அரைத்தேன். அரைக்கும்போதே மிக்ஸி முனகியது, நான் காதில் வாங்கவில்லை. காலையில் இட்லித் துணியை உரித்தால் துணியோடு இட்லியும் சேர்ந்து நீள்கிறது, பலாப்பழப் பால் மாதிரி. வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து மென்றுகொண்டே இருந்தார். பதில் சொல்ல வாய் திறக்க முடியவில்லை என்பதை நான் வெகுநேரம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

புலுட் என்பது ஒட்டரிசி. சாதாரண அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை உண்டு. உதிரியாக நிற்கும் குணம் அமைலோஸால் வருவது. புலுட்டில் அது இல்லை என்றே சொல்லலாம், கிட்டத்தட்ட முழுக்க அமைலோபெக்டின். வெந்தால் பசைதான். செட்டிநாட்டுக் கவுனி அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஒட்டல் தெரிந்திருக்கும். இங்கே கறுப்புப் புலுட்டும் கிடைக்கிறது, தேங்காய்ப்பால் ஊற்றிக் கஞ்சியாகக் காய்ச்சுகிறார்கள்.

மீதி நாலரைக் கிலோவைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. சிறு வயதிலேயே பால் வெட்டப் போனவர். என் மாவைப் பார்த்து, “இத போய் யாராச்சும் அரைப்பாங்களா பாப்பா?” என்று சிரித்துவிட்டு, அரிசியை நாலு மணி நேரம் ஊறவைக்கச் சொன்னார். தண்ணீரில் வேகவைக்கக் கூடாது, ஆவியில்தான். இட்லிச் சட்டியில் துணி போட்டு, இரண்டு பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு நடுவில் வைத்து அவித்தோம். பாதி வெந்ததும் இறக்கி, உப்புப் போட்ட கெட்டித் தேங்காய்ப்பாலைத் தெளித்துக் கிளறி, மறுபடி அடுப்பில். பாண்டான் என்பது வேறொன்றுமில்லை, யாழ்ப்பாணத்தவர் ரம்பை என்பது. கூடவே தேங்காய்த் துருவலை மலாக்கா வெல்லத்தில் பூரணமாகக் கிளறி வைத்தார். தென்னம்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம் அது. நம் கருப்பட்டியின் பங்காளி.

மாவு விஷயத்திலும் இதே எச்சரிக்கை. ‘தெப்போங் கண்டும்’ என்பதற்குக் கோதுமை மாவு என்று அர்த்தம், பிரித்தால் மைதா. சப்பாத்திக்கு ‘ஆட்டா’ என்று போட்டதை எடுங்கள். ‘ஜிந்தான் பூத்தே’ சீரகம், ‘ஜிந்தான் மானிஸ்’ சோம்பு. இந்த இரண்டையும் மாற்றி வாங்கி ஒரு வாரம் சோம்பு ரசம் குடித்தோம். ‘ஹல்பா’ வெந்தயம்.

சரி, பெலாச்சான் என்ற இறால் கட்டிக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் அறந்தாங்கிப் பக்கம். கருவாட்டு வாசத்தில் வளர்ந்தவள், கூனிக் கருவாட்டை வறுத்துப் பொடித்துச் சோற்றில் போட்டுச் சாப்பிடுகிறவள். பெலாச்சானும் அதே போன்ற பொடி இறாலை உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து, இடித்து, புளிக்கவிட்டுச் செய்வது என்று கேட்டதும், இதுதானா என்று ஆகிவிட்டது. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், காகிதத்தில் சுற்றிய பழுப்புநிறக் கட்டி ஒன்று வாங்கினேன். கங்குன் கீரையை (நம் வள்ளைக்கீரை) பெலாச்சான் போட்டுப் பிரட்டித் தருகிறேன் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன்.

எலுமிச்சை அளவு உருட்டி எடுத்தேன். மழை பெய்ததால் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. காய்ந்த எண்ணெயில் போட்டேன். அந்த நொடி எழுந்த நெடியை எப்படி எழுதுவது? மூக்கில் ஏறவில்லை, நேராகக் கண்ணில் ஏறியது. கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டில் அப்போதுதான் விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். என் பெலாச்சான் அந்தச் சாம்பிராணியை ஒரு வாய் தின்றுவிட்டது. பெரியம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. “எவ்ளோ போட்ட?” என்று மட்டும் கேட்டார். விரலால் காட்டினேன். “ஆறு வீட்டுக்குக் காணும்” என்றார்.

கீரையை எடுத்து வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. பெலாச்சானே உப்பில் ஊறியது, நான் வழக்கமான உப்பையும் சேர்த்திருந்தேன். மெத்தையில் அந்த வாசம் மூன்று நாள் குடியிருந்தது.

மறுவாரம் பெரியம்மா தன் பின்கட்டில் செய்து காட்டினார். கிழமை பார்த்து, செவ்வாயும் வெள்ளியும் இல்லாத ஒரு நாளில். பாக்கு அளவுதான் கிள்ளினார். அதைத் தட்டையாக அமுக்கி, வாழை இலைத் துண்டில் மடித்து, வெளியே இருக்கும் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுத் திருப்பித் திருப்பிச் சுட்டார். இலை கருகி, உள்ளே கட்டி வறண்டு, விரலால் தொட்டால் பொடியாக உதிரும் பதம். அப்போது வாசம் மாறிவிடுகிறது, சுட்ட கருவாட்டுப் பக்கம் வந்துவிடுகிறது. பச்சையாக எண்ணெயில் போட்டதுதான் என் தப்பு. பழுத்துச் சிவந்த மிளகாயோடு உரலில் இடித்து, கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்தார். நெல்லிக்காய் அளவுப் பழம், தோலில் ஆரஞ்சு மணம் அடிக்கும். உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகு. இந்தச் சம்பாலில் ஒரு சிட்டிகை இருந்தால் போதும், நம் பழைய சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊரில் அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், அவர் நம்பவில்லை.

சைவக்காரர்கள் கவனிக்க: பெலாச்சான் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். வெறும் கீரைப் பிரட்டல் மாதிரி இருக்கும், உள்ளே அது இருக்கும். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பாலில் பெலாச்சான் இல்லாவிட்டால் நெத்திலியாவது இருக்கும். ரோஜாக் என்ற பழக்கலவையின் கறுப்புக் குழம்பிலும் பெரும்பாலும் இறால் விழுது சேர்ப்பார்கள். கடையில் “தாக் மாவ் பெலாச்சான்” என்று சொல்லுங்கள், வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். சொன்ன பிறகும் ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம். ‘புவா கெராஸ்’ என்று ஒரு கொட்டை, வெளிர்மஞ்சளாக, உரித்த பாதாம் குண்டாகிப் போன மாதிரி இருக்கும். முந்திரி அரைத்துக் குருமாவைக் கெட்டியாக்குவதுபோல் இதை அரைத்துச் சேர்ப்பார்கள். முந்திரிப் பழக்கத்தில் ஒன்றை வாயில் போடப் போனேன், பெரியம்மா கையைத் தட்டிவிட்டார். பச்சையாகத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான். நன்றாக வேகவேண்டும். சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் மரவள்ளிக் கொழுந்தும் அப்படியே. அதிலுள்ள நஞ்சு போக நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பெரியம்மா எனக்குச் சொல்லித்தருவார், தான் தொட மாட்டார். ஜப்பான்காரன் காலத்தில், 1941 கடைசியிலிருந்து 1945 வரை, தோட்டத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்த குடும்பம். அவருடைய அம்மா அதற்குப் பிறகு கிழங்கை வீட்டுக்குள் விடவே இல்லையாம்.

மாவு புளிப்பதைப் பற்றி: வருடம் முழுக்க நம் சித்திரை வைகாசி மாதிரிதான். இரவு முழுக்க வெளியே வைத்தால் காலையில் புளித்துப் பொங்கி மேடையில் ஓடும். பொங்கியதும் குளிர்பெட்டியில் தள்ளிவிடுங்கள்.

பெட்டியில் மிச்சமாகும் எடைக்கு மிக்ஸியைக் கொண்டு வாருங்கள். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஊர் மிக்ஸி அப்படியே ஓடும். பிளக் மட்டும் மூன்று பட்டை முள், அதற்கு ஒரு அடாப்டர் வேண்டும். ஜார் மூடியைக் கைப்பையில் வையுங்கள். என்னுடையது பெட்டிக்குள்ளேயே உடைந்துவிட்டது, நான்கு வருடமாக எவர்சில்வர் தட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சட்னி அரைக்கிறேன்.