கூப்பிடாம வந்த விருந்தாளிங்க: உங்க உப்புத்தண்ணி தொட்டியில என்னென்ன கெளம்புச்சு?

நான் தர்மபுரி. கடல பாக்கணும்னா அர நாள் பஸ்ல உக்காரணும், இந்த ஊர்ல போய் கடல் தொட்டி வெக்கறியான்னு வீட்ல ஒரே சிரிப்பு. நம்ம ஊரு போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, அத தொடவே இல்ல, ஆர்ஓ தண்ணில மெரைன் சால்ட் கலந்து, அடர்த்திய கடல் தண்ணி அளவுக்கு 1.025ல நிறுத்துனேன். பெங்களூர்ல ஒருத்தர் பழைய தொட்டிய கலைக்கறாருன்னு கேள்விப்பட்டு போயி ஏழு கிலோ லைவ் ராக், அதாவது கடல் ஜீவனுங்க ஒட்டி ஒளிஞ்சிருக்கற கல்லு வாங்கி, ஈர நியூஸ்பேப்பர் சுத்தி தெர்மாகோல் பெட்டில போட்டு மடியில வெச்சுகிட்டே பஸ்ல வந்தேன். மீனு ஒண்ணுகூட விடல, வெறும் கல்லுதான்.

மொத ரெண்டு வாரத்துல மணலு கண்ணாடி எல்லாம் காபித்தூள் கொட்டுன மாதிரி ஆச்சு, டயாட்டம்ங்கற பழுப்புப் பாசிதான், புது தொட்டின்னா வரும், தானா போயிடுச்சு. அப்புறம் ஒரு நாள் கல்லு பொந்துலருந்து ஒரு பூ. தண்டு கண்ணாடி மாதிரி, ஒடம்பு லேசா பழுப்பு, உச்சில மெல்லிசா விரலு விரலா விரிச்சு ஆடுது, குச்சிய கிட்ட கொண்டு போனா சட்டுனு உள்ள இழுத்துக்கும். காசு குடுக்காம அனிமோன், பூ மாதிரி இருக்கற கடல் பிராணி, கெடச்சுதுடான்னு வாட்ஸ்அப் டிபியே வெச்சேன், தெனமும் எறா துணுக்கு வேற ஊட்டி விட்டேன்.

அதே வாரம் ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் அடிச்சா, விரல் நீளத்துக்கு ஆரஞ்சு கலர்ல பூரான் மாதிரி ஒண்ணு, ரெண்டு பக்கமும் வெள்ள மயிரு. பதறிப்போய் கையாலயே புடிச்சேன், அதான் தப்பு, சப்பாத்திக்கள்ளி முள்ளு ஏறுன மாதிரி விரல் பூரா கண்ணுக்கே தெரியாத முள்ளு. செல்லோடேப் ஒட்டி ஒட்டி பிச்சு எடுத்தேன், ரெண்டு நாள் எரிச்சல். கோவத்துல நாலு புழுவ புடிச்சு வெளிய போட்டேன்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, எல்லாம் தலகீழ். அந்த முள்ளுப்புழு பெரும்பாலும் மிச்சம் மீதிய தின்னு சுத்தம் பண்ற ஜீவன். நான் ஊட்டி வளத்த பூவுதான் வில்லன், பேரு ஐப்டேசியா, பவளத்த எல்லாம் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும். ஒண்ணு பதினொண்ணு ஆயிருந்துச்சு, பிளேடு வெச்சு சொரண்டுனேன், பிஞ்சு விழுந்த துணுக்கெல்லாம் தனித்தனியா மொளச்சு முப்பதத் தாண்டிடுச்சு. கடைசில காப்பாத்துனது எங்க ஆயாவோட வெத்தல சுண்ணாம்பு. வாசன கலக்காத வெள்ள சுண்ணாம்ப ஆர்ஓ தண்ணில தயிர் பதத்துக்கு கொழச்சு, பம்ப நிறுத்திட்டு, சிரிஞ்சுல மெதுவா அது வாய் மேலயே வெக்கணும், வேகமா போனா உள்ள ஓடிடும். ஒரு நாளைக்கு மூணு நாலுக்கு மேல வேணாம், பிஎச், அதாவது தண்ணியோட காரத்தன்மை, ஏறிடும். சுண்ணாம்பு ஏன்டா குறையுதுன்னு ஆயா கேட்டா மீனுக்கு வெத்தல போடறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

உங்க கதைய போடுங்க.

* * *

ஒசூர்ங்க. எனக்கு சத்தம். ராத்திரி லைட்டு ஆஃப் பண்ணா டக்... டக்குன்னு, ஹீட்டர்தான் போகுதுன்னு நெனச்சு புதுசே வாங்கிட்டேன்! நத்த வேற ஒண்ணொண்ணா ஓடு ஒடஞ்சு கெடக்குது. செவப்பு செலஃபன் பேப்பர் கட்டி டார்ச் அடிச்சு பாத்தா, பொந்துலருந்து ரெண்டு கண்ணு தனித்தனியா சுத்துது, மேண்டிஸ் எறா. சத்தம் வந்தாலே மேண்டிஸ்னு முடிவு பண்ணாதீங்க, பிஸ்டல் எறாவும் கைய சொடுக்கி டக்குன்னு சத்தம் போடும், அதுக்கு ஒரு கை மட்டும் பெருசா இருக்கும், பெருசா தொல்லையில்ல. என்னுது கைய மடிச்சு வெச்சு சுத்தியல் மாதிரி அடிக்கற வகை. கல்ல வெளிய எடுத்து பக்கெட் மேல புடிச்சு பொந்துக்குள்ள சோடாவ ஊத்துனேன், துள்ளி வந்து விழுந்துச்சு. கொல்ல மனசு வரல, தனியா சின்ன தொட்டில வெச்சிருக்கேன், மாப்ளன்னு பேரு.

* * *

காவேரிப்பட்டணம். எனக்கு பச்ச கண்ணாடி கோலி மாதிரி பாசி, வலோனியா, ஒரு கோலி முழுக்க ஒரே செல்லாம். தொட்டிக்குள்ளயே ஒடச்சா பரவும்னு கல்ல வெளிய எடுத்து கிள்ளுனேன். அப்புறம் நகம் சைசுல நட்சத்திர மீனு, கால் ஒண்ணு நீளம் ஒண்ணு குட்ட, ஆஸ்ட்ரினா, ஒண்ணே ரெண்டா பிரிஞ்சு பெருகுது, விட்டுட்டேன். ஒரு டவுட்டு, ராமேஸ்வரம் போறோம், அங்க கரைல கெடக்கற கல்லு ரெண்டு எடுத்துட்டு வரலாமா?

* * *

தர்மபுரிதான் திரும்ப. அய்யோ வேணாம்ணே. அதுல பாதி பவளக்கல்லா இருக்கும், பவளம் 1972 வனவிலங்கு சட்டத்துல மொத அட்டவணை, செத்ததக்கூட எடுக்கக்கூடாது. காஞ்ச செயற்கக் கல்லு வாங்குங்க, இந்தத் தொல்லையும் மிச்சம்.

நேத்து பம்ப கழுவலாம்னு எடுத்தேன். பின்னாடி, தண்ணி உறிஞ்சற ஓட்டைக்கு பக்கத்துல, அரிசி சைசுல ஒண்ணு விரிச்சுகிட்டு நிக்குது. ஆயா தூங்கட்டும்னு உக்காந்திருக்கேன்.