கனுலாக் கசிவு: ஒரு சொல் போதாது

அன்பின் ஐயா,

நாளத்தில் செருகும் மெல்லிய குழாயான கனுலா வழியாக ஏற்றுவது வெளியே கசிந்தால், அதை ஆங்கிலத்தில் இன்ஃபில்ட்ரேஷன், எக்ஸ்ட்ராவசேஷன் என இரண்டாகப் பிரிக்கிறார்கள். இரண்டுக்கும் தமிழில் ‘கசிவு’ என்றே வைத்துவிடலாம் என எழுதியிருந்தீர்கள். மட்டக்களப்பில் தாதிய மாணவர்களுக்குக் கற்பிக்கிறவள் நான். அதை ஏற்க மனம் வரவில்லை.

முதலாவது, சாதாரண சேலைன் நாளத்தை விட்டு வெளியே போய்த் தோலுக்கடியில் தேங்குவது. கை வீங்கும், குளிரும், தோல் வெளிறும். சேலைனை நிறுத்திக் கனுலாவைக் கழற்றி, கையை உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் வற்றிவிடும். இரண்டாவது அப்படியல்ல. கல்சியம் குளுக்கோனேட், நோரட்ரீனலின், சில புற்றுநோய் மருந்துகள் வெளியே போனால் அங்குள்ள இழையமே (திசுவே) செத்துப்போகலாம். அப்போது கனுலாவை அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. மருந்தை நிறுத்தி, அதே கனுலா வழியாக எஞ்சியதைச் சிரிஞ்சால் உறிஞ்சிய பிறகே கழற்ற வேண்டும். சேலைன் விட்டுக் கழுவவும் கூடாது. செய்கிற வேலையே வேறு என்றால் பெயரும் வேறாக வேண்டாமா?

முதலாவதற்குப் ‘புறக்கசிவு’ சரி. இரண்டாவதற்கு ‘எரிகசிவு’ என்று ஒருவர் சொன்னார். காதுக்கு இனிமைதான், ஆனால் எரிவாயுக் கசிவை நினைவூட்டுகிறது. நாள அழற்சியிலும் எரிவு உண்டே. ‘புண்கசிவு’ என்றால் சீழ் வடிவதாக நினைப்பார்கள். என் தெரிவு ‘சிதைகசிவு’. இழையத்தைச் சிதைப்பது என்ற ஆபத்து பெயரிலேயே தெரிகிறது.

நாளம் அழன்று நோகும் ஃபிளெபைட்டிஸுக்கு ‘நாள அழற்சி’யே போதும். தமிழக நண்பர்கள் ‘சிரை’ என்பார்கள். இங்கே பாடப்புத்தகத்தில் படித்தது நாளம். நாள அழற்சியின் அளவுகோல் 0 முதல் 5 வரை. நோவு, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு தெரிந்தாலே 2. கனுலாவை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். மாணவர்கள் இதை ஆங்கிலத்தில் மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிடுகிறார்கள். வார்ட்டில் படுவான்கரையிலிருந்து வந்த அம்மா “கை கடுக்குது மகள்” என்றால், “சேலைன் ஏறினா அப்படித்தான்” என்று போய்விடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதுதான் பெரிய கவலை. தமிழில் பெயர் இருந்தால் அந்த அம்மாவுக்கும் விளங்கப்படுத்தலாம். வீங்கினால் அவரே முதலில் கூப்பிடுவார்.

அப்புறம், கனுலா அடைபடாமல் இருக்கச் சிறிதளவு சேலைன் செலுத்துகிறோமே, அந்த ஃபிளஷுக்கு ‘அலசல்’ பொருந்துமா? ‘ஆய்வு’ என்ற பொருளும் அதற்கு இருப்பதால் தயங்குகிறேன். உங்கள் கருத்தை எழுதுங்கள்.