படகு மோட்டார் சூடேறியதும் புல்லி மாற்றியதும்

முத்துப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 18 அடி ஃபைபர் படகில் டீசல் என்ஜினை இறக்கிவிட்டு 48 வோல்ட் டிசி மோட்டார் வைத்தேன். 1 கிலோவாட், 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3000 சுற்று). பழைய 10 அங்குல ப்ரொப்பல்லரையே வைத்துக்கொண்டு, ஷாஃப்டை மோட்டாரோடு நேராகக் கப்ளிங்கில் இணைத்தேன். முள்ளிப்பள்ளம் காயலில் சத்தமில்லாமல், பறவைகள் பதறிப் பறக்காமல் போய்வர வேண்டும். அந்த ஆசைக்குத்தான் இவ்வளவு செலவும்.

கால் மணி நேரத்தில் மோட்டாருக்குள் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) கருகும் வாடை வந்துவிட்டது. முழு வேகம் கொடுத்தாலும் மோட்டார் 1200 சுற்றைத் தாண்டவில்லை. கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 60 ஆம்பியர்!

மோட்டாரே மட்டம் என்று நினைத்தேன். சித்தப்பாதான் ஷாஃப்டைப் பார்த்துவிட்டு, "நம்ம வயல்ல ஆயில் என்ஜினுக்கும் பம்புக்கும் நடுவுல பெல்ட் எதுக்குப்பா இருக்கு?" என்று கேட்டார்.

அதுதான் விஷயம். மெதுவாகப் போகும் படகுக்குப் பெரிய ப்ரொப்பல்லர் மெதுவாகச் சுற்றினால் போதும். மோட்டாரோ வேகமாகச் சுற்றும்போதுதான் குறைந்த கரண்டில் வேலை செய்யும். சின்ன ப்ரொப்பல்லர் போடச் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அது கொஞ்சம் தண்ணீரை வேகமாகப் பின்னால் வீசும், படகைத் தள்ளுவது குறைவு.

20 பல், 60 பல் புல்லி வாங்கி டைமிங் பெல்ட் போட்டேன். மோட்டார் 3000, ப்ரொப்பல்லர் 1000. பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு ப்ரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரம், 6 அங்குலம் என்பதால் கணக்குப்படி மணிக்கு 9 கிலோமீட்டர், தண்ணீரில் வழுக்குவது போக 7 கிடைக்கிறது. வேகம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் கரண்ட் 15 ஆம்பியருக்கு இறங்கிவிட்டது. கரண்ட் கால் பங்கானால் காயிலில் சூடு பதினாறில் ஒரு பங்கு. இப்போது இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுத் தொட்டாலும் கை சுடுவதில்லை.

*

மேலே எழுதிய முத்துப்பேட்டைக்காரருக்கு நடந்ததற்கு, கொள்ளிடக் கரையில் எனக்கு நடந்தது நேர்மாறு. சூட்டுக்குப் பயந்து, மோட்டார் ஐந்து சுற்றினால் ப்ரொப்பல்லர் ஒன்று சுற்றும்படி 5:1 புல்லி போட்டுவிட்டேன். மோட்டார் உச்ச வேகத்தில் ஓடியும் ப்ரொப்பல்லர் 600 சுற்றுதான். ஆம்பியர் மிகக் குறைவு, படகு 4 கிலோமீட்டரில் நகர்ந்தது. மேட்டூர்த் தண்ணீர் வந்த வாரம் எதிரோட்டத்தில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன், கரையிலிருந்து கயிறு போட்டு இழுத்தார்கள். அப்புறம் புல்லியைத் தொடாமல் 6 அங்குலப் பிட்சுக்குப் பதில் 9 அங்குலம் மாற்றினேன். ஆம்பியர் கூடியது, மோட்டார் தாங்கும் அளவுக்குள்தான். இப்போது எதிரோட்டத்திலும் ஏறுகிறது.