ஒக்டோபர் 24: கழகக் காசு போலியோவுக்கா, டெங்குவுக்கா?

கொட்டாஞ்சேனை13:
உலக போலியோ தினம் வருது. ரோட்டரிக் கழகங்கள் வழக்கம்போல காலிமுகத்திடலில் ஒரே நிற டீ-சேர்ட்டோடு நடக்கும், படம் எடுக்கும், ஒரு தொகையை ரோட்டரி அறக்கட்டளையின் போலியோ நிதிக்கு அனுப்பும். நேராகவே கேட்கிறேன். இலங்கையில் கடைசியாகப் போலியோ வந்தது 1993இல். தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதுக்கும் 2014 மார்ச் 27இல் போலியோ அற்றது என்ற சான்றிதழும் கிடைத்துவிட்டது. இந்த நகரத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவது டெங்கு. 2017இல் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் நோய், 400க்கு மேல் சாவு. முன்னுக்கு நின்றது கொழும்பு மாவட்டம். இந்த வருடம் கழகத்தின் சேவைக் கணக்கிலிருந்து ஒரு சதமும் போலியோவுக்குப் போகக்கூடாது, அந்தக் காசில் ஒரு புகை அடிக்கும் இயந்திரம் வாங்க வேண்டும் என்கிறேன். மறுக்கிறவர்கள் உணர்ச்சியை வீட்டில் வைத்துவிட்டுக் கணக்கோடு வாங்க.

பழைய பொருளாளர்:
கணக்கோடையே வாறன் தம்பி. போலியோ நிதிக்கு எண்டு குறிச்சு அனுப்புற ஒவ்வொரு டொலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டொலர் போடுது. ஒண்டு மூண்டாகும். இப்ப டீ-சேர்ட்டைப் பாரும். 60 பேர், ஆளுக்கு 1,500 ரூபா எண்டு வைச்சா 90,000. டொலர் 300 ரூபா எண்டு பிடிச்சா 300 டொலர். அதை நேரா அனுப்பியிருந்தா அங்க 900 டொலர் வேலை நடக்கும். வெட்டவேண்டியது டீ-சேர்ட்டை, போலியோவை இல்லை.

கணக்கு எழுதுறவைக்கு இன்னும் ஒண்டு. கழகத்தின்ர பேரில ஒரே மொத்தமா அனுப்பினா உறுப்பினர் ஒருத்தருக்கும் வரவு விழாது. 1,000 டொலர் சேர்ந்தாக் கிடைக்கிற போல் ஹரிஸ் கௌரவத்துக்குப் போலியோக் காசும் கணக்கில சேரும், ஆனா ஆள் ஆளாப் பேரும் உறுப்பினர் இலக்கமும் எழுதி அனுப்பினாத்தான். நிதியின்ர பெயரை மாத்திப் போட்டா அது அறக்கட்டளையின்ர பொது வேலைகளுக்கான வருடாந்த நிதிக்குப் போயிடும், இரண்டு மடங்கு கிடைக்காது. ரூபாவை மாத்துறதும் வங்கி விலைக்கு இல்லை, ரோட்டரி மாதாமாதம் அறிவிக்கிற விலைக்கு. ரோட்டரி வருசம் ஜூன் 30இல முடியுது. கடைசிக் கிழமை வரை இழுத்தடிச்சாப் பதிவு அடுத்த வருசத்தில விழும், பழைய தலைவருக்கும் புதுத் தலைவருக்கும் முகம் கோணும்.

கொட்டாஞ்சேனை13:
மூன்று மடங்குக் கதையில் பாதியைத்தான் சொன்னீங்க ஐயா. அந்த ஏற்பாட்டுக்கு உச்சவரம்பு இருக்கு. ரோட்டரி வருடத்துக்குத் திரட்டுகிற முதல் 5 கோடி டொலருக்குத்தான் இரண்டு மடங்கு, எல்லாம் சேர்த்து 15 கோடி. நாங்கள் அனுப்பாவிட்டாலும் உலகம் முழுக்க உள்ள கழகங்கள் அந்த 5 கோடியை நிரப்பிவிடும் என்றால், எங்கள் 300 டொலர் வெறும் 300 டொலர்தான்.

பழைய பொருளாளர்:
சரியான கேள்வி, மழுப்ப மாட்டன். வரம்பு இருக்கு. ஆனா எல்லாக் கழகமும் "மற்றவன் நிரப்புவான்" எண்டு இருந்தா வரம்பை ஆர் நிரப்புறது?

உமக்கு இதைவிட நல்ல வாதம் ஒண்டை நானே தாறன். வருடாந்த நிதிக்குப் போடுற காசை அறக்கட்டளை மூண்டு வருசம் முதலீட்டில வைச்சிருக்கும். பிறகு அதில 47.5 சதவீதம் எங்கட ரோட்டரி மாவட்டத்தின்ர நிதியா எங்களிட்டையே திரும்பி வரும். போலியோ நிதியில போடுறது திரும்பி வராது, முழுக்கப் போலியோவுக்குத்தான். உறுப்பினர் எல்லாரும் வருடாந்த நிதியை நிப்பாட்டிப்போட்டுப் போலியோவுக்கு மட்டும் குடுத்தா, மூண்டு வருசம் கழிச்சு மாவட்டத்திட்டச் சிறு மானியம் கேட்கப் போற கழகத்துக்குப் பெட்டி காலியா இருக்கும். மாவட்ட நிதியில பாதி வரைக்கும் வருசத்துக்கு ஒருக்கா மானியமா எடுக்கலாம். உம்மட டெங்கு வேலைக்குக் காசு வரவேண்டிய வழி அதுதான். அதால நான் சொல்றது: வருடாந்த நிதியில கை வைக்காதையுங்கோ. போலியோவுக்கு உறுப்பினர் தங்கட பொக்கெற்றில இருந்து குடுக்கட்டும், கழகம் டீ-சேர்ட்டை விட்டுட்டு அந்தக் காசைச் சேர்க்கட்டும்.

கேள்விக்குறி:
பொக்கெற்றில் இருந்து என்றாலும், எதற்காக? ஒழிப்புத் திட்டம் தொடங்கியது 1988இல். 2000க்குள் முடிப்போம் என்றார்கள். இப்போதைய இலக்கு, இயற்கை வைரஸ் போனதாக 2027இல் சான்றிதழ், தடுப்பு மருந்திலிருந்து உருவான இரண்டாம் வகை வைரஸுக்கு 2029. அதற்குள்ளும் முடியும் என்று யார் கையெழுத்துப் போடுவது? 2023இல் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் இரண்டிலும் சேர்த்து 12 பேருக்கு இருந்த இயற்கைப் போலியோ, 2024இல் 99 பேருக்கு ஏறியது. பாகிஸ்தானில் மட்டும் 74. அதைவிடப் பெரிய சங்கடம், சொட்டு மருந்து வைரஸே உருமாறிக் கை, கால் வாதத்தைக் கொடுப்பது. 2016 ஏப்ரலில் உலகம் முழுக்கச் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகையை ஒரேயடியாக எடுத்தார்கள். அது தோல்வி என்று திட்டத்துக்காகச் செய்த மீளாய்வே 2024இல் சொல்லிவிட்டது. ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றுவது?

இரண்டுசொட்டு:
எண்கள் சரி, அவற்றிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை.

1988இல் 125 நாடுகளில் வருடத்துக்கு ஏறத்தாழ 3,50,000 பேர் முடமானார்கள். இன்று இயற்கை வைரஸ் நிலைகொண்டிருப்பது இரண்டு நாடுகளில். மூன்று வகைகளில் இரண்டாவது ஒழிந்தது 2015இலும், மூன்றாவது ஒழிந்தது 2019இலும் அறிவிக்கப்பட்டன. மிச்சம் முதல் வகை மட்டும். இந்தக் கடைசி மைல் ஏன் இவ்வளவு நீளுகிறது? பெரியம்மை வந்தால் முகத்தில் தெரியும், அந்த வீட்டைச் சுற்றித் தடுப்பூசி போட்டால் முடிந்தது. போலியோ தொற்றியவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவருக்குத்தான் வாதம் வரும், மற்றவர்கள் ஒன்றும் தெரியாமலே மலத்தில் வைரஸைக் கழித்துக்கொண்டு நடமாடுவார்கள். ஒரு பிள்ளை முடமானது தெரியவரும்போது வைரஸ் எத்தனையோ தெரு தாண்டிப் போயிருக்கும்.

உருமாறும் வைரஸ் பற்றி: சொட்டு மருந்தில் இருப்பது பலவீனமாக்கிய உயிர் வைரஸ். தடுப்பு மருந்து எடுக்காத பிள்ளைகள் நிறைந்த இடத்தில் அது ஒருவரிலிருந்து ஒருவருக்கு நீண்டகாலம், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல், சுற்றினால்தான் வீரியம் திரும்பும். அதாவது மருந்து போய்ச் சேராத இடத்தின் நோய் அது. 2016 மாற்றம் சறுக்கியதும் இதனால்தான். இரண்டாம் வகையை எடுத்த பிறகு பிறந்த பிள்ளைகளின் குடலில் அந்த வகைக்கு எதிர்ப்பு இல்லை, எடுக்குமுன் சில நாடுகளில் இருந்த பரவலும் முழுதாக அடங்கியிருக்கவில்லை. ஊசி மருந்து வாதத்திலிருந்து அந்தப் பிள்ளையைக் காக்கும், ஆனால் குடலில் வைரஸ் பெருகுவதை நன்றாகத் தடுக்காது. எனவே பரவலை நிறுத்த வாய்வழி மருந்துதான் வேண்டும். எளிதில் உருமாறாதபடி வடிவமைத்த புதிய இரண்டாம் வகைச் சொட்டு மருந்து 2021 மார்ச்சிலிருந்து பாவனையில் இருக்கிறது.

ஓட்டை இருக்கிறது, கேள்விக்குறி, மறுக்கவில்லை. ஊற்றுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது: இப்போது விட்டால் பத்து வருடத்துக்குள் ஆண்டுக்கு 2,00,000 பேர் வரை மீண்டும் முடமாகலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

கொட்டாஞ்சேனை13:
அக்கா, அதெல்லாம் உலகக் கணக்கு. கொழும்புக்கு என்ன?

இரண்டுசொட்டு:
கொழும்புக்கு விமான நிலையமும் துறைமுகமும் இருக்கிறது. தஜிகிஸ்தான் 2002இல் போலியோ அற்ற நாடு, 2010இல் வெளியிலிருந்து வந்த வைரஸால் 450க்கு மேல் பிள்ளைகளுக்கு வாதம். மலேசியாவில் 27 வருடத்துக்குப் பிறகு 2019 டிசம்பரில் சபாவில் ஒரு குழந்தைக்கு. 2022இல் நியூயோர்க், லண்டன் கழிவுநீரில்கூட வைரஸ்.

இன்னொன்று, நம் நாட்டுக் கதை. 1963இல் இலங்கையில் மலேரியா நோயாளர் 17 பேர். முடிந்தது என்று தெளிப்பைக் குறைத்தார்கள். 1968-69இல் 5 இலட்சத்துக்கு மேல் வந்தது. கடைசி உள்ளூர் மலேரியா 2012இல், சான்றிதழ் 2016இல்; இடையில் போனது அரை நூற்றாண்டு.

பழைய பொருளாளர்:
1990களில போர் நடக்கேக்க தேசியத் தடுப்பு மருந்து நாட்களில வடக்கில துவக்குகள் ஓய்ஞ்சதையும் மறக்க வேண்டாம். அந்த ஓய்வுக்குப் பேச்சு நடத்தினதில ரோட்டரியின்ர ரவீந்திரன் இருந்தவர், பிறகு 2015-16இல அவர்தான் ரோட்டரி இன்ரர்நஷனலின்ர உலகத் தலைவர். அந்தச் சொட்டுகளுக்கு வெளிநாட்டு உறுப்பினர்கள் குடுத்த காசும் வந்தது. அவையும் "எங்கட ஊரில போலியோ இல்லை" எண்டு சொல்லியிருக்கலாம்.

கொட்டாஞ்சேனை13:
இது நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நன்றிக்கடன் கணக்கு வேறு, இன்றைக்கு இந்த ஒழுங்கையில் சாகிற பிள்ளையின் கணக்கு வேறு. புகை இயந்திரத்துக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தெமட்டகொட நானா:
அதுக்கு நான் சொல்றேன் தம்பி. வாங்க வேணாம். புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும். முட்டைக்கும் குடம்பிக்கும் ஒண்டும் ஆகாது. டெங்கு நுளம்பு வீட்டுக்குள்ள, திரைக்குப் பின்னால, அலுமாரிக்குப் பின்னால இருக்கும். நீங்க ரோட்டில புகை விட்டால் சனம் ஜன்னலைப் பூட்டும், நுளம்பு உள்ள பத்திரமா இருக்கும். நோயாளி கண்டுபிடிச்ச வீட்டைச் சுத்தி எப்ப எங்க அடிக்கிறதுண்டு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஆட்கள் தீர்மானிக்கிற வேலை அது, கழகத்துட வேலை இல்ல.

முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க 7 தொடக்கம் 10 நாள். அப்ப துப்புரவு கிழமைக்கு ஒருக்கா நடக்கணும். மாசத்துக்கு ஒரு சிரமதானம், அதுல ஒரு படம், இது நுளம்புக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ரெண்டாவது பிழை, தண்ணியை ஊத்திட்டு வாளியைக் கவிழ்க்கிறது. நுளம்பு முட்டை போடுறது தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஈரச் சுவருல. அது காய்ஞ்சு மாசக்கணக்கில உயிரோட கிடக்கும், அடுத்த மழைக்குத் தண்ணி ஏறினதும் பொரிக்கும். பிரஷ் போட்டு உட்பக்கத்தை உரசித் தேய்க்கணும்.

எங்க பார்க்கிறது? எல்லாரும் டயரையும் சிரட்டையையும் பார்ப்பாங்க. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடி வீடுகளில கூரைப் பீலி, கொங்கிரீட் ஸ்லாப்பில தேங்குற தண்ணி, மூடி உடைஞ்ச தாங்கி, பிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு, ஏசித் தண்ணி விழுற வாளி, பூச்சாடித் தட்டு. கட்டி முடியாத கட்டிடம்ண்டா லிப்ட் குழி. ஏணி இல்லாமப் போற குழு பீலியைப் பார்க்கவே பார்க்காது. கழகம் வாங்க வேண்டியது ஏணி, டோர்ச், வெள்ளை பிளாஸ்டிக் கப், குடம்பி எடுக்கிற குழாய், கையுறை, ஒரு படிவக்கட்டு. அவ்வளவுதான்.

குடம்பியைக் கொல்லுற அபேட் மருந்தைத் தாங்களா வாங்கித் தண்ணியில கொட்டுற கழகமும் இருக்கு. 1 சதவீதக் குறுணை 10 லீட்டருக்கு 1 கிராம்தான் அளவு, 500 லீட்டர் தாங்கிக்கு 50 கிராம். கைப்பிடி கணக்கில போடக்கூடாது, பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லாமப் போடவும் கூடாது.

அவரில்லாமப் போகவே வேணாம். 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அதிகாரம் அவங்களுக்குத்தான். டீ-சேர்ட் போட்டவர் படலையைத் தட்டினா நாய்தான் வரும். ரெண்டு பேர் ஒரு சோடி, ஒரு காலைக்கு 20 வீடு போதும். அஞ்சு சோடிண்டா 100 வீடு, அதுல எத்தனை வீட்டில குடம்பிண்டு எண்ணினா அதுதான் வீட்டுச் சுட்டி. அடுத்த கிழமை அதே 100 வீடு. எண் இறங்கினாத்தான் வேலை நடந்திருக்கு.

கொட்டாஞ்சேனை13:
நானா, புகை இயந்திரத்தைக் கைவிட்டேன். இந்தப் பட்டியலுக்கு டீ-சேர்ட் காசே போதும் போல இருக்கு. போலியோ விஷயத்தில் என் நிலை மாறவில்லை: சேவைக் கணக்கிலிருந்து வேண்டாம், தனிப்பட்டவர்கள் விரும்பினால் கொடுக்கட்டும்.

தெமட்டகொட நானா:
திகதியை மட்டும் விட்றாதீங்க. வடகீழ் பருவ மழைக்கு முந்தின கிழமைகள்தான் சரியான நேரம். ஒக்டோபர் 24 அதுக்குள்ள வருது.

கேள்விக்குறி:
அப்படியானால் அன்று போலியோவுக்கென்று காசு இல்லாமல் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? இருந்தால் நானும் வருகிறேன். நடைபவனி என்றால் வரமாட்டேன்.

இரண்டுசொட்டு:
உண்டு, ஒருவருக்கும் படம் எடுக்கத் தோன்றாத வேலை. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கையோ காலோ திடீரென்று தளர்ந்து துவண்டால், காரணம் எதுவாக இருந்தாலும் உடனே அறிவிக்க வேண்டும். வாதம் தொடங்கி 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள், ஒவ்வொன்றும் பெருவிரல் நுனியளவு, 8 தொடக்கம் 10 கிராம். குளிரில் வைத்துப் பொரளை எம்.ஆர்.ஐ. (மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். 60 நாள் கழித்துப் பிள்ளையை மீண்டும் பார்க்கவேண்டும்.

பிழை நடப்பது பெரும்பாலும் முதல் நாட்களில். தனியார் கிளினிக்கில் காட்டி, மருந்து எடுத்து, குறையவில்லை என்று இன்னொரு இடம் போய், பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும்போது 14 நாள் தாண்டியிருக்கும், வைரஸ் கழிவது குறைந்திருக்கும். ஒரே நாளில் இரண்டு மாதிரியையும் எடுத்துவிடுவது, டப்பா ஒழுகுவது, ஐஸ் உருகுவது மற்றவை. கழகத்தில் வைத்தியர்கள் இருக்கிறார்கள், மருந்துக்கடைக்காரர்கள் இருக்கிறார்கள். கொழும்பு 6இலும் 13இலும் உள்ள கிளினிக்குகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அட்டை, அதில் அறிவிக்க வேண்டிய இலக்கம். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவிடம் வாசகத்தைக் காட்டி அனுமதி வாங்கிய பிறகுதான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

கேள்விக்குறி:
"போலியோவை ஒழிப்போம்" என்று மேலே பெரிதாகப் போடலாமா?

இரண்டுசொட்டு:
போடாதீர்கள். அந்தச் சொல்லைக் கண்டதும் வைத்தியர் "இது போலியோ இல்லை, குலேன்-பாரே" (வாதம் கொடுக்கும் வேறொரு நரம்பு நோய்) என்று சரியாகவே முடிவெடுத்து அறிவிக்காமல் விட்டுவிடுவார். நமக்கு வேண்டியது அந்தப் போலியோ அல்லாத வாதங்களும்தான். ஒரு இலட்சம் பிள்ளைகளுக்கு வருடத்தில் குறைந்தது ஒன்று என்ற கணக்கில் அவை பதிவாக வேண்டும். பதிவாகவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, பார்க்கிறவர் இல்லை என்று அர்த்தம். மேலே "திடீரெனத் துவண்ட கை, கால்" என்று மட்டும் போடுங்கள்.

பழைய பொருளாளர்:
அட்டை அச்சடிக்கிற செலவை ஆர் ஏற்கிறது எண்டு முதல் சொல்லுங்கோ. பற்றுச்சீட்டு இல்லாமல் நான் ஒண்டும் கணக்கில எழுத மாட்டன்.