அம்மா அப்பாவை ஸ்பொன்சர் செய்ய அண்ணாவின் வருமானத்தையும் காட்டலாமா?

கேள்வி:
கனடாவில, ஸ்காபரோவில நான், மனைவி, 2 பிள்ளைகள். அம்மா அப்பா யாழ்ப்பாணத்தில. ஸ்பொன்சர் விண்ணப்பம் போடச் சொல்லி குடிவரவுத் திணைக்கள அழைப்பு என்ர பேருக்கு வந்திருக்கு, ஆனா வருமானம் காணாது. பிராம்ப்டனில இருக்கிற அண்ணா மாசம் 1,500 டொலர் தாறன் எண்டுறார். அவரும் சேர்ந்து கையெழுத்து வைக்கலாமோ? இல்லாட்டி அம்மாவை நான், அப்பாவை அவர் எண்டு பிரிச்சுப் போடலாமோ?

பதில் 1:
ஏலாது. இணைக் கையெழுத்து மனைவிக்கு மட்டும்தான் (அல்லது 1 வருஷமாவது சேர்ந்து வாழுற துணைக்கு). அண்ணா தாற காசு அன்பளிப்பு; உங்கட நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்டில (வருமான வரி மதிப்பீட்டுக் கடிதம்) மொத்த வருமானம் காட்டுற 15000ஆம் வரியில (line 15000) அது வராது. பிரிச்சும் பிரயோசனமில்லை. காட்ட வேண்டிய வருமானம் குடும்பத் தலைக்கணக்கைப் பொறுத்தது; அம்மாவை மட்டும் கூப்பிட்டாலும் அப்பாவும் அதில வருவார். 6 பேர்தான். அதோட அண்ணாவுக்குத் தனி அழைப்பு வேணும்.

பதில் 2:
மனைவியின் வருமானத்தைச் சேர்த்துப் பாருங்கள். முந்தைய 3 வரி ஆண்டுகளிலும் தனித்தனியாக உங்கள் தலைக்கணக்குக்குரிய வருமான எல்லையை (அடிப்படைத் தொகையும் அதற்கு மேல் 30% கூட்டலும்) தாண்ட வேண்டும், சராசரி எடுபடாது. ஒரு வருடம் சறுக்கினாலும் நிராகரிப்புத்தான். வேலை போனபோது எடுத்த ஈ.ஐ. (அரசின் வேலைக் காப்புறுதிக் கொடுப்பனவு) கணக்கில் இல்லை, மகப்பேற்று ஈ.ஐ. உண்டு. சொந்தமாக ட்ரக் ஓடுபவர்கள் அடிபடுவது இங்கேதான்: வரியைக் குறைக்க டீசல், ரிப்பேர் என்று செலவெல்லாம் கழித்திருப்பார்கள், மிஞ்சிய தொகைதான் 15000ஆம் வரிக்குப் போகும்.

கேட்டவர்:
மனைவி 6 வருசத்துக்கு முன்னம் தன்ர தாயைக் கூப்பிட்டவ. அது பிரச்சினையோ?

பதில் 1:
ஓம், அவ கையெழுத்து வைச்சா மாமியும் கணக்கில, 7 பேர். கூப்பிட்ட ஆக்களைப் பராமரிக்கிற பொறுப்பு 20 வருசம் (கியூபெக்கில 10), அவைக்கு பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைச்ச நாளில இருந்து ஓடும். இடையில அவை வெல்ஃபெயர் எடுத்தா அரசாங்கம் உங்கள் ரெண்டு பேரிட்டயும் அறவிடும். வேலை போனாலும், டிவோஸ் எடுத்தாலும் விடுதலை இல்லை. அண்ணாவோட கடுதாசி எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அது உங்களுக்குள்ளதான்.

பதில் 2:
எல்லை எட்டாவிட்டால் சூப்பர் விசா (பெற்றோர் வந்து நீண்ட காலம் தங்கும் வருகை விசா). அதில் 30% மேலதிகக் கூட்டல் இல்லை. அங்கேயும் அண்ணா இணைக் கையெழுத்து வைக்க முடியாது, ஆனால் மருத்துவக் காப்புறுதிக் காசை அவர் கட்டலாம்: ஆளுக்குக் குறைந்தது 100,000 டொலருக்கு, 1 வருடம். ஒரு வருகைக்கு 5 வருடம் வரை தங்கலாம். அந்த 1,500 டொலருக்குச் சரியான இடம் இதுதான்.