அத்தனை உறுதியாகச் சொன்ன சாட்சி தவறியது எப்படி?

தணிகை:

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ரொனால்ட் காட்டன் என்பவர் மீது நடந்த வழக்கைப் பற்றி அண்மையில் படித்தேன். 1984-இல் பர்லிங்டன் நகரில் ஒரு கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் இரவில் புகுந்த ஒருவன் அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தான். உயிர் பிழைத்தால் இவனைக் காட்டிக்கொடுத்தே தீருவது என்ற முடிவோடு, அந்தப் பெண் அவன் முகத்தை வேண்டுமென்றே உற்றுப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டார். பின்னர் புகைப்படங்களிலும், சிலரை வரிசையாக நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் நேர் அணிவகுப்பிலும், நீதிமன்றத்திலும் அவர் காட்டியது காட்டனைத்தான். பத்தாண்டுகளுக்கு மேல் காட்டன் சிறையில் கழித்த பிறகு, 1995-இல் டி.என்.ஏ. சோதனை பாபி பூல் என்ற வேறொருவனே குற்றவாளி என்று நிறுவியது.

எனக்கு விளங்காதது இதுதான். 1987-இல் நடந்த மறுவிசாரணையில் அந்தப் பூலையே அழைத்துவந்து அப்பெண்ணின் முன் நிறுத்தியிருக்கிறார்கள். அவனைத் தாம் பார்த்ததே இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. கவனிக்கத் தவறியவரும் அல்லர். பள்ளியில் உடன் படித்தவரை எத்தனையோ ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையக் கூட்டத்தில் கண்டாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறதே, அப்படியிருக்க இது எப்படி நேர்ந்தது? உளவியல் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாவேன்.

நுண்மதி:

தணிகை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன பள்ளித் தோழர் எடுத்துக்காட்டிலேயே விடையின் பாதி இருக்கிறது. பழகிய முகத்தை அறிவதும் ஒருமுறை மட்டும் கண்ட முகத்தை அறிவதும் அளவில் மட்டும் வேறுபடும் ஒரே திறன் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. 2011-இல் உளவியலாளர் ராப் ஜென்கின்சும் அவருடைய குழுவினரும் நெதர்லாந்தின் பிரபலப் பெண்கள் இருவரின் படங்களை, ஆளுக்கு இருபது வீதம் நாற்பது எடுத்துக் கலந்து, அவர்களை அறியாத பிரித்தானியர்களிடம் கொடுத்து ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். இரண்டு குவியல் என்று சரியாகப் பிரித்தவர் ஒருவர்கூட இல்லை. பலர் ஏழெட்டுக் குவியல்கள் வைத்தார்கள், ஒருவர் பதினாறு வரை போனார். அதே படங்கள் நெதர்லாந்துக்காரர்களுக்குச் சிக்கலாகவே இருக்கவில்லை. இத்தனைக்கும் இதில் நினைவாற்றலுக்கு வேலையே இல்லை, நாற்பது படங்களும் மேசைமேல் கண்ணெதிரே கிடந்தன. வெளிச்சம், கோணம், தலைமுடி, முகபாவம் ஆகியவை மாறினாலும் ஆள் மாறவில்லை என்று உணர்த்தும் அறிவு, ஒரு முகத்தைப் பல நிலைகளில் பலமுறை கண்ட பிறகே உண்டாகிறது. ஓரிரவு அரையிருளில், கழுத்தில் கத்தி இருக்கும்போது எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கிடைப்பது ஒரே தோற்றத்தின் பதிவுதான்.

அடுத்தது, அந்தப் பதிவு என்னவாயிற்று என்பது. அந்தப் பெண்ணிடம் ஆறு புகைப்படங்களை ஒருசேர வைத்தார்கள். அவர் பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டு, இவனாக இருக்கலாம் என்ற அளவில் காட்டனின் படத்தைத் தேர்ந்தார். பூலின் படம் அந்த ஆறில் இல்லை. இத்தகைய நிலையில் மனம் 'அவன் இவற்றில் இருக்கிறானா' என்று கேட்பதை விட்டு, 'இவற்றில் அவனை அதிகம் ஒத்தவன் யார்' என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. உளவியலாளர் கேரி வெல்ஸ் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், நடித்துக் காட்டப்பட்ட ஒரு குற்றத்தைக் கண்டவர்களில் 54 விழுக்காட்டினர் வரிசையில் இருந்த உண்மைக் குற்றவாளியைக் காட்டினர். 21 விழுக்காட்டினர் யாரையும் காட்டவில்லை. குற்றவாளியை வரிசையிலிருந்து நீக்கி வேறொரு பிரிவினரிடம் காட்டியபோது, யாரையும் காட்டாதவர்கள் 32 விழுக்காடாக மட்டுமே உயர்ந்தனர். அவனைத் தேர்ந்திருக்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் இருந்த இன்னொருவரிடம் போய்விட்டார்கள் என்று பொருள்.

காட்டனின் படத்தைத் தேர்ந்த பிறகு, தாம் சரியாகச் செய்தோமா என்று அப்பெண் கேட்க, நன்றாகச் செய்தீர்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பின்னர் நடந்த நேர் அணிவகுப்பில், புகைப்படத் தொகுப்பிலும் இடம்பெற்றிருந்தவர் காட்டன் ஒருவரே. அங்கும் அவர் இருவருக்கிடையே தயங்கித்தான் காட்டனைத் தேர்ந்தார். படத்தில் நீங்கள் காட்டியவரும் இவரேதான் என்று அதன்பின் சொல்லப்பட்டது. கெட்ட எண்ணத்தோடு யாரும் எதையும் செய்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் தாக்கியவனின் மங்கிய முகத்தின்மேல் காட்டனின் முகம் படிந்துகொண்டே வந்தது. 1987-இல் பூல் வந்து நின்றபோது, அவனோடு ஒப்பிட அவர் மனத்தில் இருந்தது காட்டனின் முகம்தான். ஆகவே 'பார்த்ததே இல்லை' என்று அவர் சொன்னது முழு நேர்மையுடன் சொன்ன சொல்.

இளஞ்சேரல் (வழக்குரைஞர்):

நுண்மதி அம்மையார் கூறியதோடு சட்டத்தின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977-இல் மேன்சன் எதிர் பிராத்வெயிட் வழக்கில், அடையாளம் காட்டுதலை நம்பலாமா என்பதை ஐந்து கூறுகளைக் கொண்டு எடைபோடச் சொன்னது: பார்க்கக் கிடைத்த வாய்ப்பு, செலுத்திய கவனம், முன்னர்க் கூறிய அங்க அடையாளங்களின் துல்லியம், சாட்சியின் உறுதி, இடையில் கழிந்த காலம். இவற்றுள் வாய்ப்பு, கவனம், உறுதி ஆகிய மூன்றையும் பெரும்பாலும் சாட்சியின் வாயிலிருந்தே அறிகிறோம். வெல்சும் ஏமி பிராட்ஃபீல்டும் 1998-இல் செய்த சோதனையில், கடைக் கேமராவின் தெளிவற்ற காட்சியைப் பார்த்துவிட்டுத் தவறான ஆளைக் காட்டியவர்களிடம் 'நல்லது, சரியான ஆளைத்தான் காட்டினீர்கள்' என்று ஒரு வாக்கியம் சொன்னதும், உறுதி கூடியதோடு, தாங்கள் முகத்தைத் தெளிவாகக் கண்டதாகவும் கவனித்துப் பார்த்ததாகவும் அவர்கள் கூறத் தொடங்கினர். நீதிமன்றம் அளவுகோலாகக் கொண்டவையே வளைந்துவிடுகின்றன. நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 2011-இல் ஹெண்டர்சன் வழக்கில் இந்த ஆய்வுகளை ஆராய்ந்து தன் விதிகளை மாற்றிக்கொண்டது.

நம் நாட்டு நிலை வேறு வகையில் சிந்திக்க வைக்கிறது. இங்கே அடையாள அணிவகுப்பை நீதித்துறை நடுவர் முன்னிலையில் பெரும்பாலும் சிறையில் நடத்துகிறார்கள். காவலர்கள் அங்கே இருக்கக் கூடாது. அதுவரை எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், முகத்தை மூடி அழைத்துச் செல்வதும் சாட்சி அவரை முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே. படம் நாளிதழில் வந்துவிட்டால் அணிவகுப்பு பயனற்றது என்று குறுக்கு விசாரணையில் நாங்கள் வாதிடுவது வழக்கம். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அணிவகுப்பு அடிப்படைச் சாட்சியம் அன்று. மாதக் கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ கழித்துக் கூண்டில் நிற்பவரைச் சுட்டிக் காட்டுவதே அடிப்படைச் சாட்சியம், முன்னது அதற்குத் துணை. கூண்டில் ஒருவர் மட்டும் நிற்கும்போது யாரைக் காட்டுவது என்று சாட்சிக்கு ஐயமே எழாது. உளவியலோ இதற்கு நேர் தலைகீழாக, முதல் முறை காட்டியதற்கே முதலிடம் தருகிறது.

முத்துவேல்:

காவல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஓர் ஐயம். வழிப்பறி வழக்குகளில் பறிகொடுத்தவரின் கண்ணை விட்டால் வேறு சாட்சி கிடைப்பது அரிது. கைரேகை இராது, டி.என்.ஏ. இராது, கேமரா இருந்தாலும் தலைக்கவசம்தான் பதிந்திருக்கும். நேரில் கண்டவரின் உறுதிக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட்டால் இந்த வழக்குகளை எப்படி நடத்துவது?

நுண்மதி:

முத்துவேல் ஐயா, மதிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நேரத்து உறுதி என்பதுதான் கேள்வி. ஜான் விக்ஸ்டெடும் வெல்சும் 2017-இல் எழுதிய விரிவான ஆய்வுரை இதையே பேசுகிறது. வரிசையில் சந்தேக நபர் ஒருவரே இருந்து, மற்றவர்கள் அவரைப் போன்ற தோற்றம் உடையவர்களாக அமைந்து, குற்றவாளி இதில் இல்லாமலும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டு, நடத்துபவருக்கே சந்தேக நபர் யாரென்று தெரியாதிருந்தால், முதல் முறை காட்டும்போது சாட்சி சொல்லும் மிக உயர்ந்த உறுதி நம்பத்தக்கதாகவே இருக்கிறது. அந்தக் கணத்தில் அவர் தயங்கினால் அந்தத் தயக்கமும் அதே அளவுக்கு முக்கியமான தகவல். பிராண்டன் காரெட் என்ற சட்ட அறிஞர், டி.என்.ஏ. சோதனையால் பின்னர் விடுதலையானவர்களின் விசாரணை ஆவணங்களைப் புரட்டியபோது, தவறான அடையாளம் தொடர்பான 161 வழக்குகளில் 57 விழுக்காட்டில் சாட்சி முதலில் உறுதியாக இல்லை என்பது அந்த ஆவணங்களிலேயே பதிவாகியிருந்ததைக் கண்டார். காட்டன் வழக்கும் அப்படித்தான். புகைப்படங்களைப் பார்த்தபடி கழிந்த அந்தப் பல நிமிடங்களே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

ஆகவே வழிப்பறி வழக்கில் நான் கேட்பது இவ்வளவே. பறிகொடுத்தவரிடம் சந்தேக நபரின் ஒற்றைப் புகைப்படத்தைக் கைப்பேசியில் காட்டி 'இவன்தானே?' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்ட பிறகு எத்தனை நடுவர்கள் முன்னிலையில் எவ்வளவு ஒழுங்காக அணிவகுப்பு நடத்தினாலும் சாட்சி அங்கே தேடுவது அந்தப் படத்தில் கண்டவரைத்தான். முதல் முறை காட்டும்போதே சாட்சி சொன்ன சொற்களை அப்படியே, தயக்கத்தோடும் எடுத்துக்கொண்ட நேரத்தோடும் பதிவு செய்யுங்கள். முடிந்தால் காணொளியாக எடுங்கள். 'சுட்டிக் காட்டினார்' என்று ஒற்றை வரியில் அறிக்கை எழுதினால், உடனே காட்டியவரும் பத்து நிமிடம் திணறிக் காட்டியவரும் நீதிபதியின் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகிறார்கள்.